முதலாம் வினாத்தாளை வாசித்தல்

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாளை நமது விமர்சகர் எவரேனும் ஒரு பிரதியாக எடுத்துவைத்து வாசித்ததாக நான் அறியேன். முந்நூறு பிரதி அச்சிட்டு இருநூற்றைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருக்கும் கவிதைத் தொகுதிகளுக்கு நாம் எட்டுப் பக்கத்தில் மதிப்புரை எழுதுகிறோம். இரு மொழிகளிலும் சேர்த்து வருடமொன்றுக்கு மூன்று இலட்சம் அளவிலான சிறுவர்கள், சொல்லுக்குச் சொல் விரல் வைத்து, ஒரு மணித்தியாலம் மூச்சடக்கி வாசிக்கின்ற ஒரு பிரதியைப் பற்றி நம்மிடம் ஒரு பத்தி கூட இல்லை. இந்த நாட்டில் இவ்வளவு கவனத்தோடு வாசிக்கப்படும் வேறெந்தத் தமிழ்ப் பிரதியும் கிடையாது என்றே நினைக்கிறேன்.

நாற்பது வினாக்கள். அடுத்து வரும் எண் எது, பொருந்தாத சொல் எது, இந்த உருவத்தைத் திருப்பினால் எப்படித் தெரியும், இன்னாருக்கு இன்னார் என்ன முறை. இரண்டாம் தாள் பாடங்களைப் பற்றியது, படித்தவன் எழுதுவான். முதலாம் தாளோ பிள்ளையிடம் இயல்பாகவே உள்ள ஒன்றை, நுண்ணறிவை, அளப்பதாகச் சொல்லப்படுகிறது. என்னுடைய கேள்வி இதுதான்: அப்படி ஒன்று பிள்ளைக்குள் இருக்கிறதா? இருந்தால் இந்தத் தாள் தொடுவது அதைத்தானா?

நமது வட்டத்தில் இதற்கு இரண்டு ஆயத்தப் பதில்கள் உண்டு. ஆசிரியத் தொழிலிலுள்ள நண்பர்கள், "கெட்டிக்காரன் எங்கே போனாலும் கெட்டிக்காரன்தான்" என்பார்கள். பின்நவீனத்துவ நண்பர்களுக்கு நுண்ணறிவு என்பது அதிகாரம் கட்டிய ஒரு கதையாடல், அதற்கு வெளியே எதுவுமில்லை. இரு தரப்பாரும் ஒரேயளவு சுகமாகத்தான் இருக்கிறார்கள். எனக்கு இரண்டிலும் சம்மதமில்லை.

முதலில் இந்தப் பிரதியின் மூதாதையர். 1904இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சு, சாதாரண வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை இனங்காண வழிகேட்டபோது, அல்பிரட் பினே தனது சகபாடி சிமோனுடன் சேர்ந்து 1905இல் ஓர் அளவுகோலை அமைத்தார். உதவி தேவைப்படும் பிள்ளைக்கு உதவுவதே அதன் நோக்கம். ஒருவனின் நுண்ணறிவு மாறாத ஓர் அளவு என்ற எண்ணத்தை அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். அவர் 1911இல் இறந்தார். அடுத்த ஆண்டே ஜெர்மனியில் ஸ்டேர்ன் என்பவர் மன வயதை உடல் வயதால் பிரிக்கும் யோசனையைக் கொண்டுவந்தார். நுண்ணறிவு ஈவு பிறந்தது. 1916இல் அமெரிக்காவில் டேர்மன் அதனை நாடளாவிய கருவியாக்கினார். இதற்கிடையே இங்கிலாந்தில் ஸ்பியர்மன் 1904இலேயே ஒரு விடயத்தைக் கவனித்திருந்தார்: ஒரு வகைக் கேள்வியில் நன்றாகச் செய்பவர் வேறு வகைக் கேள்விகளிலும் பெரும்பாலும் நன்றாகச் செய்கிறார். இவற்றின் பின்னால் பொதுவான ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்றார் அவர். நூறாண்டு விவாதமும் அந்த "ஏதோ ஒன்று" என்ன என்பதைப் பற்றியதே.

நமது பரீட்சையும் இரக்கத்திலிருந்து பிறந்ததுதான். கன்னங்கராவின் காலத்தில், இலவசக் கல்வியும் மத்திய மகா வித்தியாலயங்களும் வந்த 1940களில், கிராமத்து ஏழைப் பிள்ளையை நல்ல பாடசாலைக்கு எடுத்துச் செல்லும் தோணியாக இது எண்ணப்பட்டது. அதே பத்தாண்டில் பிரிட்டனில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின் பதினொரு வயதுத் தேர்வு பரவியது. அதற்குச் சிந்தனைப் பின்புலம் வழங்கியோரில் ஒருவர் சிரில் பேர்ட். நுண்ணறிவு பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது என்பதற்கு, பிரித்து வளர்க்கப்பட்ட இரட்டையரை அவர் சான்றாகக் காட்டினார். அவரது கட்டுரைகளில் இரட்டையர் சோடிகள் 21இலிருந்து 53 ஆகப் பெருகியபோதும் இணைபுக் குணகம் 0.771 ஆகவே, மூன்றாம் தசமதானம் வரை அசையாமல் நின்றது. 1971இல் அவர் இறந்து மூன்று வருடங்களின் பின் லியோன் கமின் இதைச் சுட்டிக்காட்டினார். 1979இல் பேர்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஹேர்ன்ஷோ, அனுதாபியாக எழுதத் தொடங்கியவர், தரவுகள் புனையப்பட்டவை என்ற முடிவுக்கே வந்தார். பிறகு அவருக்காக வாதாடியோரும் உண்டு.

இங்கே நமது நண்பர்கள் கைதட்டிவிட்டு எழும்பிப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் இருங்கள். பேர்டின் தரவுகளைத் தூக்கி எறிந்துவிட்டு, மினசோட்டாவில் புதிதாகச் செய்த இரட்டையர் ஆய்வு 1990இல் வெளிவந்தபோது அதிலும் 0.7க்குக் கிட்டிய எண்தான் கிடைத்தது. ஒருவர் பொய் சொன்னார் என்பதால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. இலக்கியக்காரருக்கு இது கசப்பான விடயம். பிரதியாளனின் ஒழுக்கத்தைக் கொண்டு பிரதியைத் தீர்க்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது.

ஆகவே ஒழுக்கத்தை விட்டுக் கேள்விகளுக்கு வருவோம்.

அமிர்தகழியில், மாமாங்கேஸ்வரர் கோயிலிலிருந்து வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவரின் விறாந்தையில் சில காலம் மாலை வகுப்பொன்று நடந்தது. காசு வாங்காத வகுப்பு. கல்லடிப் பாலம் கடந்து அரசடி வழியாக நானும் இடைக்கிடை போவேன். பிள்ளைகளில் அநேகர் வாவித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். வழிகாட்டிப் புத்தகங்களிலுள்ள வகையில் கேள்விகளை நானே அமைத்துக் கொடுப்பதுண்டு. ஒருநாள் பொருந்தாத சொல்லைத் தெரிவுசெய்யும் கேள்வி: தோணி, துடுப்பு, வலை, மீன். விடை மீன் என்பது யாருக்கும் தெரியும். மற்றவை மனிதன் செய்த பொருட்கள், மீன் உயிருள்ளது. முன்வரிசையிலிருந்த சிறுமி தோணியைச் சுற்றி வட்டமிட்டிருந்தாள்.

"ஏன் மகள் தோணி?"

"வீச்சு வலைக்குத் தோணி என்னத்துக்கு சேர்? வாப்பா இடுப்பளவு தண்ணிக்குள்ள நிண்டுதானே வீசுறவர்."

துடுப்பும் அப்போது தேவையில்லையே என்றேன். அதற்கு அவள் துடுப்பால் தண்ணீரில் அடித்து மீனை வலைப் பக்கம் கலைப்பதைச் சொன்னாள். அடுத்திருந்த பையன் குறுக்கிட்டு, மீனை வெளியில் எறிந்துவிட்டால் மற்ற மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டான். அவன் கேட்டது நியாயந்தான். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் ரியூசனுக்குப் போகிற இருவர் "மீன்" என்று சரியாகவே எழுதியிருந்தார்கள்.

இதே உரையாடல் 1931, 1932ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானில் நடந்திருக்கிறது. சோவியத் உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா அங்குள்ள முஸ்லிம் விவசாயிகளிடம் சுத்தியல், வாள், கோடரி, மரக்குற்றி என்ற நான்கையும் காட்டி எது சேராதது என்று கேட்டார். எழுத்தறியாத விவசாயிகள் மரக்குற்றியை விலக்க மறுத்தார்கள். அரிய மரமில்லாமல் வாள் எதற்கு? பனி மூடிய வடதிசையில் கரடிகள் எல்லாம் வெள்ளை, இன்ன ஊர் வடதிசையில் உள்ளது, அங்கே கரடி என்ன நிறம் என்று கேட்டபோது, நான் போய்ப் பார்த்ததில்லை, பார்த்தவரிடம் கேளுங்கள் என்ற தோரணையில் பதில்கள் வந்தன. ஓரிரு வருடம் பள்ளிக்கூடம் போனவர்களோ எதிர்பார்த்த விடையைச் சொன்னார்கள். ஆய்வு நூலாக வெளிவர 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லூரியா இதை வாசித்த விதத்தில் எனக்கு முழு உடன்பாடில்லை. பின்தங்கிய சிந்தனையிலிருந்து முன்னேறிய சிந்தனைக்கு ஏறும் படிக்கட்டாக அவர் இதைப் பார்த்தார். ஆனால் அவரது தரவு சொல்வது அதைவிடச் சுவாரசியமானது. காணாத ஒன்றைப் பற்றிச் சாட்சி சொல்ல மாட்டேன் என்பவரிடம் தர்க்கக் குறைபாடில்லை. கேட்பவருக்கே விடை தெரிந்த கேள்வியை ஒருவர் ஏன் கேட்கிறார் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. கேள்வி கேட்பது தகவல் அறிவதற்கல்ல, உன்னை நிறுப்பதற்கு என்ற வழமையைப் பள்ளிக்கூடமே கற்பிக்கிறது. அதாவது இவ்வகைத் தாள் ஒரு இலக்கிய வகை. அந்த வகையின் மரபை அறிந்த வாசகனுக்கே அது திறக்கும்.

நம்மிடமும் இப்படி ஒரு வகை முன்பே இருந்தது. நமது பகுதியில் நொடி என்றும் விடுகதை என்றும் சொல்வது நுண்ணறிவுப் பரீட்சையல்லாமல் வேறென்ன? உம்மம்மா நொடி போட்டால் குடும்பமே திணறும். ஆனால் நொடியில் கேட்பவரும் விடுவிப்பவரும் ஒரே முற்றத்தில் இருக்கிறார்கள். விடையாக வரும் தேங்காயும் நண்டும் பாக்குவெட்டியும் இருவர் கையிலும் புழங்கியவை. விடை வராவிட்டால் தோல்வியை ஒப்புக்கொண்டு விடையைக் கேட்டுவாங்கலாம். அடுத்த வீட்டில் அதையே தன் நொடியாகப் போடலாம். முதலாம் தாளின் கர்த்தாவுக்கு முகமில்லை. அவர் மனதிலுள்ள பிள்ளை மின்தூக்கியில் ஏறிய பிள்ளையா, தோணியில் ஏறிய பிள்ளையா என்பதை அவரது உதாரணங்களே காட்டிக்கொடுக்கும்.

உறவுமுறைக் கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். வாப்பாவின் தம்பியும் சாச்சாதான், உம்மாவின் தங்கச்சி மாப்பிள்ளையும் சாச்சாதான். மாமி என்ற ஒரு சொல்லுக்குள் வாப்பாவின் சகோதரி, மாமாவின் மனைவி, கணவனின் தாய் மூவரும் இருக்கிறார்கள். கிழக்கில் நமது இரு சமூகங்களும் தாய்வழிக் குடிமுறையோடு வாழ்ந்தவை. பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை போகும் ஊர்களில் இம்முறைகள் வீட்டின் சுவர்களைப் போல உறுதியானவை. இப்படி வளர்ந்த பிள்ளைக்கு, ஒவ்வோர் உறவையும் தனித்தனிக் கயிறாகப் பிரித்துக் கேட்கும் புதிர் கடினமாகலாம், மிக இலகுவாகவும் ஆகலாம். எதுவானாலும் அது அளப்பது மூளையை மட்டுமல்ல.

பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற சிறுவர்களை வைத்து 1985இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. வியாபாரத்துக்கிடையில் கேட்ட கணக்குகளில் அவர்கள் 98 வீதம் சரி. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 வீதம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கத்தில் கூடும் சனத்தினிடையே கடலை விற்கும் பையன் ஆயிரம் ரூபாவுக்கு மீதிக்காசு கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் வியப்பளிக்கா. பரீட்சை பல வருடங்களில் ஓகஸ்டில் வருவதால், தீர்த்தமும் தாளும் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு, அப்படியானால் தாள் எதையுமே அளக்கவில்லை என்று முடிக்க எனக்கும் ஆசைதான். முடியாது.

ஸ்கொட்லாந்தில் 1932 ஜூன் 1ஆம் திகதி, 1921இல் பிறந்து பாடசாலையிலிருந்த ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளுக்கும், 87,000 பேருக்கு மேல், ஒரே பரீட்சை வைத்தார்கள். 1998இல் அபர்டீனில் அவர்களில் 101 பேரைத் தேடிப்பிடித்து அதே தாளைத் திரும்பக் கொடுத்தபோது, அறுபத்தாறு வருடங்களுக்கு முந்திய புள்ளிக்கும் புதிய புள்ளிக்குமிடையே 0.63 அளவு இணைபு காணப்பட்டது. வெறும் கதையாடல் ஒன்று ஒரு மனிதனோடு அறுபத்தாறு வருடம் ஒட்டிக்கொண்டு வராது. அங்கே ஏதோ இருக்கிறது.

ஆனால் நிலைத்திருப்பது வேறு, பிறப்பில் வந்தது வேறு, மாற்ற முடியாதது வேறு. இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்ததே இத்துறையின் பெரும் பிழை. ஜேம்ஸ் பிளின் 1980களில் காட்டியதை நினைவுகொள்ளுங்கள். நெதர்லாந்தில் 1952க்கும் 1982க்கும் இடையே படைக்கு அழைக்கப்பட்ட இளைஞரின் சராசரி, உருவக் கோலங்களைக் கொண்ட ஒரு பரீட்சையில், சுமார் 20 புள்ளிகள் உயர்ந்தது. முப்பது வருடத்தில் ஒரு சனத்தின் பரம்பரை அலகுகள் மாறுவதில்லை. பள்ளிக்கூடம், சாப்பாடு, சிறிய குடும்பம், படங்களும் குறியீடுகளும் நிறைந்த வாழ்க்கை என்பன மாறின. கூடுதலாகப் பள்ளிக்குப் போகும் ஒவ்வொரு வருடமும் ஒன்றிலிருந்து ஐந்து வரையான புள்ளிகளைக் கூட்டுகிறது என்று 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணித்திருக்கிறது.

நமக்கு மிகவும் கிட்டிய ஆய்வு தமிழ்நாட்டிலிருந்து வந்தது. 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் இத்தகைய உருவக் கேள்விகளால் சோதித்து 2013இல் சயன்ஸ் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன், கையில் காசில்லாத காலத்தில், சராசரி 4.35 சரி. பின்பு 5.45. அதே மனிதர், அதே மூளை. கடன் கவலை நீங்கியதும் நுண்ணறிவு கூடிவிட்டது. இதன் புள்ளிவிபர முறையைக் கேள்விக்குட்படுத்தியோர் உண்டு. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் பார்த்த இன்னோர் ஆய்வு இந்த வேறுபாட்டைக் காணவில்லை. ஆகவே இதை வேதவாக்காகத் தூக்கிப்பிடிக்க நான் சொல்லவில்லை. ஆனால் பின்நவீனத்துவ நண்பர்களிடம் ஒன்று கேட்பேன். அளவீடு வெறும் புனைவென்றால், வறுமை மனிதனின் சிந்தனையைத் தின்கிறது என்பதை எதைக்கொண்டு நிறுவுவீர்கள்? கர்ப்பிணித் தாய்க்கு அயடீன் போதாமற்போனால் பிள்ளையின் புள்ளி குறைகிறது என்பது இப்பரீட்சைகள் வழியாகவே துலங்கியது. நமது நாட்டில் 1995இலிருந்து உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமானதன் பின்னணியில் அத்தகைய அறிவும் இருக்கிறது. அளவுகோலை முறித்துப் போட்டால் முதலில் நட்டமடைபவர் வசதியானவரல்லர்.

அளவுகோலை யார் செதுக்குகிறார் என்பதே என் வாதம். 1937இல் தமது பரீட்சையைத் திருத்தியமைத்தபோது டேர்மனும் மெரிலும், ஆண் பெண் வேறுபாட்டைப் பெரிதாகக் காட்டிய கேள்விகளை நீக்கினார்கள். பால்வேறுபாடு தெரிந்தால் அது கேள்வியின் குறை. வர்க்கமும் நிறமும் வேறுபட்டுத் தெரிந்தபோது அது மட்டும் மனிதர்களின் குறையாயிற்று. நல்ல வாசகருக்கு இந்த ஒரு தொகுப்பாசிரியர் முடிவே போதும், பிரதியின் அரசியலை அறிவதற்கு.

நமது சிறுகதைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. புலமைப்பரிசில் பரீட்சையை வைத்து நமது சஞ்சிகைகளில் நான் வாசித்த கதைகள் ஏறத்தாழ ஒரே கதை. உம்மா காதுப்பூவை அடகு வைப்பார். பிள்ளை இரவு விளக்கில் படிக்கும். ஒன்றில் சித்தியடைந்து ஊர் மெச்சும், அல்லது இரண்டு புள்ளியால் தவறி வாசகர் கண் கலங்குவார். இரண்டு முடிவிலும் கதாசிரியர் தாளின் வாக்கை அப்படியே நம்புகிறார். பிள்ளை உண்மையில் கெட்டிக்காரன், விதிதான் சதி செய்தது என்பது எதிர்ப்பல்ல, தாளுக்கு எழுதிய நற்சான்று. கெட்டிக்காரனல்லாத பிள்ளைக்கு ஒரு கதை எழுதியவர் யார்? உதவிப் பணம் கிடைப்பது 20,000 பேரளவுக்கு. மீதிப் பெருந்தொகையினர் நமது புனைகதைக்குள் வருவதேயில்லை. குர்ஆன் மதரஸாவில் பத்து வயதில் பாதிக்கு மேல் மனனஞ் செய்துவிட்டு முதலாம் தாளில் முப்பது புள்ளி எடுக்கும் பையனின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பது எழுதப்படாத நாவல். ஊர் அவனை ஒரு மாலையில் ஹாபிழாகப் போகிறவன் என்கிறது, மறுமாலையில் மொக்கன் என்கிறது.

பரீட்சையின் நடைமுறையே தன் கோட்பாட்டை நம்பவில்லை என்பதையும் கவனியுங்கள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, மொழிமூலத்துக்கும் வேறு. அது நல்லதே, இல்லாவிட்டால் பின்தங்கிய மாவட்டங்களில் உதவிப் பணம் யாருக்குக் கிடைக்கும்? ஆனால் 140 புள்ளி ஓரிடத்தில் ஒன்றையும் இன்னோரிடத்தில் வேறொன்றையும் குறிக்கிறது என்று ஒப்புக்கொண்ட பின், அந்த எண்ணைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவது எப்படி? பிரிட்டனில் தேசிய கல்வி ஆராய்ச்சி நிறுவனத்துக்காக ஏட்ஸ், பிஜன் இருவரும் 1957இல் வெளியிட்ட ஆய்வு, பதினொரு வயதுத் தேர்வு கவனமாக நடத்தப்பட்டபோதும் பத்தில் ஒருவர் அளவில் பிழையான பாடசாலைக்கே போயினர் என்று கண்டது. பிரிட்டனின் பெரும்பகுதி பின்னர் அத்தேர்வைக் கைவிட்டது.

2024 செப்டம்பர் 15இல் நடந்த பரீட்சையில் முதலாம் தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2024 டிசம்பர் 31இல் தீர்ப்பு வந்தது. முடிவில் அம்மூன்று வினாக்களுக்கும் தோற்றிய எல்லாருக்கும் முழுப் புள்ளி வழங்கப்பட்டது. கசிந்ததால் மட்டும் ஒரு பரீட்சை போலியாகிவிடாது. கண் வைத்தியரின் எழுத்தட்டையை மனனஞ் செய்தவனுக்கும் பார்வை நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும். ஆனால் அந்த மூன்று கேள்விகளுக்காகப் பெற்றோர் பட்ட பதைப்பில் ஒரு உண்மை வெளிப்பட்டது. பயிற்சியால் கூடாத ஒன்றை இத்தாள் அளக்கிறது என்று எந்தத் தாயும் தகப்பனும் நம்பவில்லை. நம்பியிருந்தால் நாலாம் வகுப்பிலிருந்தே மாதிரி வினாத்தாள்களுக்கும் ரியூசனுக்கும் காசு கட்டியிருக்க மாட்டார்கள்.

கடந்த வருடங்களின் தாள்கள் தொகுதிகளாகக் கட்டப்பட்டு மட்டக்களப்புப் புத்தகக் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு கவிதைத் தொகுதியின் விலைதான். சிங்கள மூலத் தாளையும் தமிழ் மூலத் தாளையும் பக்கத்தில் பக்கம் வைத்து, எந்தச் சொல் எந்தப் பிள்ளைக்கு வீட்டுச் சொல், எது புத்தகச் சொல், எந்த உதாரணம் எந்தக் கரையில் வளர்ந்தவருக்கு என்று குறித்துச் செல்லும் வேலைக்கு உளவியல் பட்டம் தேவையில்லை. இரு மொழியும் தெரிந்த இரண்டு விமர்சகர்கள் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் உட்கார்ந்தால் ஒரு வருடத்துத் தாளை முடிக்கலாம். நான் 2015ஆம் ஆண்டுத் தாளிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.